தண்ணீர் எப்போது, மூடி எப்போது: தீயை அணைப்பதன் அடிப்படைகள்

தீயணைப்பான் முதன்முதலில் என் கைக்கு வந்தது வேலையிடத்தில் நடந்த ஒரு பயிற்சியின்போது. திறந்த வெளியில் ஓர் இரும்புத் தட்டில் டீசலையும் கொஞ்சம் பெட்ரோலையும் ஊற்றிக் கொளுத்தியிருந்தார்கள். "போய் அணைங்க" என்றார் பயிற்சியாளர். சிவப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிடியை அழுத்தினேன். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். பின்னால் சிரிப்புச் சத்தம். பிடியைப் பூட்டி வைத்திருக்கும் பின்னை நான் உருவவே இல்லை! உருவிவிட்டு அழுத்தியதும் தூள் சீறிக்கொண்டு வந்தது. ஆளுயரத்துக்கு எழுந்திருந்த சுடரின் தலையைப் பார்த்து அடித்தேன். தூள் காற்றோடு போயிற்று, சிலிண்டர் காலி, தீ நின்ற இடத்திலேயே நின்றது.

"தம்பி, நீங்க வெளிச்சத்தை அடிச்சீங்க. தீ கீழே இருக்கு" என்றார் அவர்.

தீ கீழே இருக்கிறது என்றால் என்ன? அதைப் பிடித்துக்கொண்டால் தண்ணீர் எங்கே உதவும், எங்கே ஆளைக் கொல்லும் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு மெழுகுவர்த்தியிலிருந்து தொடங்குவோம்.

எரிவது மெழுகும் அல்ல, திரியும் அல்ல

காற்று வீசாத இடத்தில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி இரண்டு நிமிடம் எரியவிடுங்கள். சுடரின் அடியை உற்றுப் பாருங்கள். திரிக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே மங்கலாக, இருட்டாக ஒரு சிறு இடைவெளி இருக்கும். இப்போது ஒரு தீக்குச்சியைப் பற்றவைத்துக்கொண்டு மெழுகுவர்த்தியை ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை இழை எழும். திரியைத் தொடாமல், இரண்டு விரல் உயரத்தில் அந்தப் புகையில் தீக்குச்சியைக் காட்டுங்கள். தீ புகை வழியே கீழே ஓடிப்போய்த் திரியில் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வெள்ளைப் புகை ஆவியான மெழுகு. எரிந்தது அதுதான். சூட்டில் மெழுகு உருகுகிறது, திரி அதை மேலே உறிஞ்சுகிறது, அங்கே ஆவியாகிறது, ஆவி காற்றோடு கலந்து எரிகிறது. எரியும் சூடு அடுத்த சொட்டு மெழுகை உருக்குகிறது. ஊதியதும் சுடர் போய்விட்டது, ஆனால் சூடும் ஆவியும் சில வினாடிகள் மிச்சம் இருந்தன. அணைந்த தீ ஏன் மறுபடி பற்றிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

விறகு, காகிதம், துணி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மரம் சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும்போது சிதைந்து வாயுக்களை வெளியே தள்ளத் தொடங்குகிறது. சுடராகத் தெரிவது அந்த வாயு. அது தீர்ந்தபின் எஞ்சும் கரி மட்டும் வேறு மாதிரி: ஆவியாகாமல், மேற்பரப்பிலேயே ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு சுடரில்லாமல் கனலும். இதுதான் கங்கு. மெத்தைக்குள்ளும் பஞ்சு மூட்டைக்குள்ளும் மணிக்கணக்கில் ஒளிந்திருப்பதும் இதுதான்.

ஆவி என்று தெரிந்துவிட்டால் பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் உள்ள வித்தியாசமும் புரிந்துவிடும். மண்ணெண்ணெய் பற்றுகிற அளவுக்கு ஆவி விட அதன் சூடு 38 டிகிரியை எட்ட வேண்டும், பல வகைகளுக்கு அதற்கும் மேலே. பெட்ரோலுக்கோ உறைபனிக்கும் கீழே, மைனஸ் 40 டிகிரி வாக்கிலேயே அந்த ஆவி தயார். அதனால்தான் பெட்ரோலின் பக்கத்தில் தீக்குச்சி போகும் முன்பே தீ தாவி வருகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். தரையோடு தவழ்ந்து போய், அடுத்த அறையில் எரியும் அடுப்பைத் தொட்டு, வந்த வழியே தீயைக் கூட்டிக்கொண்டு திரும்பும். கேன் இங்கே, நெருப்பு அங்கே என்று யாராவது சமாதானம் சொன்னால் நம்பாதீர்கள்.

தீ நிற்கும் கால்கள்

எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன். மூன்றும் ஒன்றாக இருந்தால் தீ நிற்கும், ஒன்றை உருவினால் விழும். பள்ளியில் முக்கோணமாக வரைந்து காட்டுவது இதைத்தான். நான்காவதாக ஒன்று பின்னாளில் சேர்ந்தது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

எரிபொருளை எடுப்பதற்குத் தமிழில் பழமொழியே இருக்கிறது: எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும். கேஸ் வால்வை மூடுவது, பக்கத்தில் இருக்கும் அட்டைப் பெட்டிகளைத் தள்ளி வைப்பது, காட்டுத்தீயின் முன்னால் புல்லைச் சீவி வெறும் தரையாக்குவது எல்லாம் இந்த வகைதான். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் வாயுத் தீக்கு இதைத் தவிர சரியான வழி கிடையாது.

வெப்பத்தை எடுப்பதைக் கண்ணால் பார்க்க ஒரு சிறு சோதனை. மெல்லிய கம்பிச் சல்லடை ஒன்றைச் சுடரின் நடுவே மெதுவாக இறக்குங்கள். சுடர் வெட்டினாற்போல் சல்லடைக்குக் கீழேயே நின்றுவிடும். மேலே புகை மட்டும் வரும். ஓட்டை வழியே ஆவி தாராளமாகப் போகிறது, காற்றும் மேலே இருக்கிறது. ஆனால் கம்பி சூட்டை வாங்கிக்கொண்டுவிட்டதால் மேலே போன ஆவி பற்றவில்லை. 1815இல் ஹம்ப்ரி டேவி சுரங்கத் தொழிலாளர்களுக்காகச் செய்த விளக்கு இந்தத் தத்துவத்தில்தான் எரிந்தது: சுடரைச் சுற்றிக் கம்பி வலை.

தண்ணீர் செய்வதும் இந்த வேலையைத்தான், ரொம்பத் திறமையாக. 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 335 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே தண்ணீர் முழுக்க ஆவியாகச் சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும். அதாவது தண்ணீர் தீயிலிருந்து வெப்பத்தைப் பிடுங்குவது பெரும்பாலும் ஆவியாகும்போதுதான். வாளியோடு வீசியடித்தால் பாதிக்கு மேல் தரையில் ஓடிப்போகும், அது வேலை செய்யாத தண்ணீர். தெளித்தால் ஒவ்வொரு துளியும் ஆவியாகி வேலை செய்யும்.

ஆக்சிஜன் விஷயத்தில் பலர் நினைப்பது போல் காற்றை முழுக்க உறிஞ்ச வேண்டியதில்லை. காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். அது 15, 16 சதவீதத்துக்கு இறங்கினாலே பெரும்பாலான சுடர்கள் தள்ளாடி அணைந்துவிடும். கங்குக்கு அதைவிடக் குறைவாகவே போதும். மூடி போடுவது, போர்வை போர்த்துவது, நுரை பரப்புவது, கார்பன் டை ஆக்சைடு அடிப்பது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். தமிழில் தீயை அணைப்பதற்கும் ஆளை அணைப்பதற்கும் ஒரே சொல் இருப்பது எனக்கு எப்போதும் ரசிக்கத் தோன்றும். மூடி போட்டு அணைக்கும்போது இரண்டும் ஒன்றுதான்.

சரி, மெழுகுவர்த்தியை ஊதினோமே, காற்றைத்தானே கொடுத்தோம்? அது ஏன் அணைந்தது? அதே வாயால் கங்கை ஊதினால் ஏன் கொழுந்துவிடுகிறது? மெழுகின் ஆவி எளிதில் நகர்ந்துவிடும். ஊதினால் சுடரைவிட்டுத் தள்ளிப் போய்விடும், கூடவே குளிரும். கங்கில் எரிபொருள் திடமாக உட்கார்ந்திருக்கிறது. அதைத் தள்ள முடியாது, எனவே ஊதிய காற்று அதற்குச் சாப்பாடாகிறது. எது எரிகிறது என்று பார்க்காமல் கைவைத்தால் இப்படித்தான் ஆகும்.

நான்காவது கால், சங்கிலித் தொடர்வினை. சுடருக்குள் மூலக்கூறுகள் உடைந்து, நிலையற்ற துணுக்குகளாகி, அவை அடுத்த மூலக்கூறுகளை உடைத்து என்று வினை தொடர்ந்துகொண்டே இருக்கிறது. உலர்தூள் தீயணைப்பான் அந்தத் துணுக்குகளைப் பிடித்து வினையை நடுவிலேயே அறுக்கிறது. ஹேலான் என்ற வாயு இதில் கெட்டிக்காரன். ஆனால் அது ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியே அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

கை வைக்கும் முன்

எந்தத் தீயாக இருந்தாலும் முதலில் சத்தம் போட்டு எல்லோரையும் எழுப்புங்கள், வெளியே அனுப்புங்கள், ஒருவரைத் தீயணைப்பு நிலையத்துக்குப் பேசச் சொல்லுங்கள். பிறகு மூன்று விஷயம் பாருங்கள்.

1. தீ ஒரு குப்பைக்கூடை அளவுக்குள் இருக்கிறதா? அதைத் தாண்டியிருந்தால் அது உங்கள் வேலை அல்ல.
2. வெளியே போகும் வழி உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறதா? வாசலுக்கும் உங்களுக்கும் நடுவே தீ இருக்கவே கூடாது.
3. புகை மேற்கூரையிலிருந்து கீழே இறங்கத் தொடங்கிவிட்டதா? தொடங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் கிளம்புங்கள். போகும்போது அறைக் கதவை இழுத்து மூடுங்கள். பூட்ட வேண்டாம், மூடினால் போதும். சாதாரண மரக்கதவு மூடியிருந்தாலே உள்ளே காற்று குறையும், வெளியே புகை வருவது தாமதமாகும். திறந்து போட்டுவிட்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

மரம், காகிதம், துணி

இது தண்ணீரின் வேலை. முடிந்தால் தெளியுங்கள், சுடரில் அல்ல, எரியும் பொருளின் அடியில். சுடர் அடங்கிய பிறகு வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. குச்சியால் குவியலைக் கலைத்து, உள்ளே கங்கு இருக்கிறதா என்று பார்த்து, ஆவி எழுவது நிற்கும் வரை ஊற்றுங்கள். புகையும் மெத்தையை வெளியே இழுத்துப் போக நினைக்காதீர்கள். இழுக்கும்போது காற்றுப் பட்டுக் கங்கு சுடராகும், மெத்தை வாசலில் சிக்கிக்கொண்டால் வழியே அடைபட்டுவிடும். கையில் தண்ணீர் இருந்தால் அங்கேயே ஊறவையுங்கள், இல்லையென்றால் கதவை மூடிவிட்டு வெளியேறுங்கள்.

வாணலியில் எண்ணெய்த் தீ

நல்ல மனிதர்கள் நல்ல எண்ணத்தோடு தவறு செய்வது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அன்றைய பயிற்சியில் கடைசியாக ஒரு வாணலி எண்ணெயைச் சூடேற்றினார்கள். முதலில் மெல்லிய புகை. பிறகு கண்ணைக் கரிக்கும் கெட்டிப் புகை. அப்புறம் யாரும் தீ வைக்காமலே எண்ணெய் தானாகப் பற்றிக்கொண்டது. சமையல் எண்ணெய் அப்படிப் பற்றச் சுமார் 350 டிகிரி வேண்டும். நீளமான கம்பின் நுனியில் ஒரு டம்ளரைக் கட்டி, எங்களையெல்லாம் பின்னால் போகச் சொல்லிவிட்டு, பயிற்சியாளர் அதில் இருந்த தண்ணீரை வாணலியில் கவிழ்த்தார். 'புஸ்' என்று ஒரு சத்தம்தான் கேட்டது. கூரை உயரத்துக்கு ஒரு தீப்பந்து எழுந்து உருண்டது. பத்தடி தள்ளி நின்ற எங்கள் முகத்தில் சூடு அறைந்தது. ஒரே ஒரு டம்ளர்.

தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அதனால் உள்ளே மூழ்குகிறது. 100 டிகிரியில் ஆவியாக வேண்டியது 350 டிகிரி எண்ணெய்க்குள் அகப்பட்டால் மூழ்கிய நொடியே நீராவியாகிறது. நீராவியாகும்போது தண்ணீர் சுமார் 1,700 மடங்கு விரிகிறது. அந்த விரிவு மேலே இருக்கும் எண்ணெயை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. அதுவரை வாணலியின் வாய் அளவுக்கு மட்டும் காற்றைத் தொட்டுக்கொண்டிருந்த எண்ணெய், இப்போது எல்லாப் பக்கமும் காற்றைத் தொடுகிறது.

செய்ய வேண்டியது:

1. கை எட்டினால் அடுப்பை அணையுங்கள். சுடரின் மேலாகக் கையை நீட்டித்தான் எட்ட வேண்டும் என்றால் முதலில் மூடி, பிறகு அடுப்பு.
2. வாணலியைவிடப் பெரிய உலோக மூடியையோ தட்டையோ கேடயம் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு, உங்கள் பக்கத்து விளிம்பிலிருந்து அந்தப் பக்கமாக நகர்த்தி மூடுங்கள். மேலிருந்து போட்டால் கை சுடருக்குள் போகும். கண்ணாடி மூடி வேண்டாம், வெடிக்கலாம்.
3. மூடியபடியே விடுங்கள். அரைமணி நேரமாவது ஆகட்டும். அணைந்ததா என்று பார்க்கத் திறந்தால் காற்று உள்ளே போகும், எண்ணெய் இன்னும் பற்றும் சூட்டில்தான் இருக்கும்.
4. வாணலியைத் தூக்காதீர்கள். கழுவும் தொட்டிக்கோ வாசலுக்கோ கொண்டுபோக நினைத்துக் கையைச் சுட்டுக்கொண்டு, எரியும் எண்ணெயைக் காலில் கொட்டிக்கொள்வார்கள்.

சிறு தீயென்றால் சமையல் சோடாவை அள்ளிப் போடலாம், ஆனால் நிறைய வேண்டும். பதற்றத்தில் அதே நிறத்தில் இருக்கும் மாவை எடுத்துவிடாதீர்கள். மாவு தூசாகப் பறந்தால் அதுவே வெடித்து எரியும். தூள் தீயணைப்பானை வாணலிக்குப் பக்கத்தில் வைத்து அடித்தால் அதன் வேகமே எண்ணெயைத் தெறிக்கவைக்கும். பெரிய அளவில் பொரிக்கும் சமையலறைகளில் ஈர ரசாயன வகையை வைப்பது இதனால்தான். அதிலுள்ள பொட்டாசியம் உப்பு சூடான எண்ணெயோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலமாகி மேலே மூடிக்கொள்கிறது, சூட்டையும் இறக்குகிறது.

கேஸ்

இதில் ஒரு விதி மட்டும் தலைகீழாகத் தோன்றும்: வாயுவை நிறுத்த முடியாவிட்டால் தீயை அணைக்காதீர்கள்.

குழாய் முனையில் எரியும் தீ கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. அதை அணைத்துவிட்டு வால்வைத் திறந்தபடி விட்டால், எரியாத வாயு அறை முழுக்க நிரம்பி, ஏதோ ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அது தீ அல்ல, வெடிப்பு. ஆகவே வால்வோ ரெகுலேட்டரோ பாதுகாப்பாக எட்டினால் மூடுங்கள், தீ தானாகப் போய்விடும். எட்டாவிட்டால் எரியட்டும் என்று விட்டு எல்லோரும் தூரமாகப் போய்விடுங்கள். சிலிண்டரையே தீ சூழ்ந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஓடுங்கள்.

எரியவில்லை, வாடை மட்டும் வருகிறது என்றால் ஸ்விட்சைத் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி பறக்கும். மின்விசிறிக்கும் அதே விதி. வாயுவை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய்த்தான் போன் பேச வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். குழாய் வழியே வரும் இயற்கை வாயு லேசானது, கூரைக்கு ஏறும். நம் மூக்கில் ஏறும் அந்த நாற்றம், கசிவு தெரியட்டும் என்று வேண்டுமென்றே கலப்பது. வாயுவுக்கென்று வாசனை கிடையாது என்றே சொல்லலாம்.

மின்சாரமும் பேட்டரியும்

மின் தீயில் முதல் அடி மெயின் ஸ்விட்ச். கரண்டை நிறுத்திவிட்டால் எஞ்சுவது எரியும் பிளாஸ்டிக்கும் மரமும்தான். நிறுத்த முடியவில்லை என்றால் தண்ணீர் கூடவே கூடாது, அது உங்கள் கை வரைக்கும் மின்சாரத்தைக் கொண்டுவரும். கார்பன் டை ஆக்சைடு அல்லது உலர்தூள் மட்டும்தான். எரியும் பிளக்கைக் கையால் பிடுங்க வேண்டாம்.

லித்தியம் அயான் பேட்டரி வேறு ஜாதி. போன், மடிக்கணினி, மின்சார இருசக்கர வண்டி எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். ஒரு செல் பழுதாகிச் சூடானால் அந்தச் சூடே உள்ளே வேறு வினைகளைத் தூண்டி, இன்னும் சூடாகி, பக்கத்து செல்லுக்குத் தாவும். சூடு உள்ளே இருந்தே பிறப்பதால் மூடி போட்டோ மணலைக் கொட்டியோ அதை நிறுத்த முடியாது. குளிரவைக்க வேண்டும், அதற்குத் தண்ணீர்தான், அதுவும் நிறைய. போன் அளவுக்கு என்றால் சார்ஜர் இணைப்பை நிறுத்திவிட்டுத் தொடர்ந்து தண்ணீர் ஊற்றலாம். கையில் எடுக்காதீர்கள். வண்டி அளவுக்கு என்றால் கதவை மூடிக்கொண்டு வெளியேறுவது ஒன்றுதான் உங்கள் வேலை. அதிலிருந்து வரும் புகை நச்சு. அணைந்தது போலிருந்து மணிக்கணக்கான நேரம் கழித்து மறுபடி பற்றவும் கூடும். உப்பிப்போன பேட்டரியைச் சார்ஜில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மெக்னீசியம் போன்ற உலோகத் தீயைப் பட்டறையிலோ ஆய்வகத்திலோ தவிரப் பார்க்க மாட்டீர்கள். தண்ணீர் பட்டால் ஹைட்ரஜனைக் கிளப்பும், கார்பன் டை ஆக்சைடுக்குள்ளும் எரியும். அதற்கான சிறப்புத் தூள் வேண்டும்.

தீயணைப்பானைப் பிடிப்பது எப்படி

சிலிண்டரில் ஏ, பி, சி என்று எழுத்துகள் இருக்கும். ஏ என்றால் மரம், காகிதம் போன்ற திடப்பொருள், பி என்றால் எரியும் திரவம். சி-யில்தான் குழப்பம்: ஐரோப்பிய முறையில் அது வாயு, அமெரிக்க முறையில் மின் கருவி. சமையல் எண்ணெய் ஒரு முறையில் எஃப், இன்னொன்றில் கே. எழுத்தை நம்புவதைவிடப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் படத்தைப் பார்ப்பது நல்லது. அதைத் தீ வந்த பிறகு பார்க்க நேரம் இருக்காது, இன்றைக்கே பாருங்கள்.

1. பின்னை உருவுங்கள். பிடியை அழுத்திக்கொண்டே இழுத்தால் வராது. பிடியை விட்டு, லேசாகத் திருகி இழுங்கள்.
2. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, வாசல் முதுகுப் பக்கம் இருக்க நில்லுங்கள். வெளியிடம் என்றால் காற்று உங்கள் முதுகில் பட வேண்டும்.
3. குழாய் முனையைத் தீயின் அடிக்குக் குறிவையுங்கள். ஆவி பிறக்கும் இடம் அது.
4. அழுத்திக்கொண்டு இடமும் வலமுமாகப் பெருக்குங்கள், தரையைத் துடைப்பத்தால் பெருக்குவது போல.

சிறிய சிலிண்டர் பத்து வினாடி அளவுக்குத்தான் வரும், ஆறு கிலோ சிலிண்டரே பதினைந்து இருபது வினாடியில் தீர்ந்துவிடும். சும்மா அழுத்திப் பார்த்து வீணாக்க அதில் ஒன்றும் இல்லை. கார்பன் டை ஆக்சைடு வகையில் அகலமான கொம்பு போன்ற முனை இருக்கும். வாயு மைனஸ் 78 டிகிரி வாக்கில் வெளிவருவதால் அந்தக் கொம்பைப் பிடித்தால் தோல் ஒட்டிக்கொண்டு வெந்துபோகும். சின்ன அடைத்த அறையில் அடித்துவிட்டு அங்கேயே நிற்கவும் கூடாது. தீக்கு மறுக்கும் ஆக்சிஜனை அது உங்களுக்கும் மறுக்கிறது.

பயிற்சியில் இரண்டாம் முறை நான் சரியாகத்தான் செய்தேன். நான்கே வினாடியில் தீ போயிற்று. பெருமையாகத் திரும்பி எல்லோரையும் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால் தட்டு மறுபடி 'குப்' என்று பற்றியது. தூள் சங்கிலியை அறுத்திருந்தது, தட்டின் சூட்டை எடுக்கவில்லை. அணைந்த பிறகும் முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கியே நடந்து வாருங்கள்.

புகை

தீ விபத்துகளில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் சுடர் அல்ல, புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நிறமோ வாசனையோ இல்லாத வாயு. மூச்சு முட்டுவதற்கு முன்பே தலை கிறுகிறுத்து, என்ன செய்கிறோம் என்பதே குழம்பிவிடும். தூங்குகிறவர் எழுந்துகொள்ளவே மாட்டார். புகை உணரும் கருவி ஒன்றை மாட்டி, அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதை நான் எந்தத் தீயணைப்பானுக்கும் முன்னால் வைப்பேன்.

சூடான புகை மேலே ஏறிக் கூரையடியில் தங்கும். கீழே கொஞ்ச நேரத்துக்கு மட்டும் நல்ல காற்று மிச்சம் இருக்கும். ஆகவே மண்டிபோட்டு, சுவரைத் தொட்டுக்கொண்டே போங்கள். மூடிய கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் வேறு வழி. லிப்ட் வேண்டாம். கூரையடிப் புகை 500, 600 டிகிரியைத் தொடும்போது அதன் கதிர்வீச்சே அறையில் உள்ள நாற்காலி, திரைச்சீலை, தரைவிரிப்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பற்றவைத்துவிடும். அதன் பிறகு அந்த அறையில் யாரும் பிழைக்க முடியாது. "இன்னும் ஒரு வாளி ஊற்றிப் பார்ப்போம்" என்று நிற்கும் நேரத்தில்தான் இது நடக்கும்.

உடையில் பற்றினால்

ஓடக் கூடாது. ஓடினால் காற்று கிடைக்கும், நின்றால் சுடர் முகத்துக்கு ஏறும். அப்படியே கீழே படுத்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உருளுங்கள். பக்கத்தில் இருப்பவர் கனமான போர்வையைப் போர்த்தி அமுக்கலாம். நைலான் மாதிரி உருகும் துணி ஆகாது. பிறகு சாதாரணக் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஓடவிடுங்கள். 20 நிமிடம் என்பது ரொம்ப நீளம், கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள், வீங்கினால் வராது. தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். ஐஸ், பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

அணைந்த பிறகு

தீயணைப்புக்காரர்கள் சொல்லும் வரை உள்ளே போகாதீர்கள், சின்னத் தீயாக இருந்தாலும் அவர்களை வரவழைத்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சுவருக்குள்ளோ கூரைக்குள்ளோ கங்கு இருந்தால் அது நம் கண்ணுக்குத் தெரியாது.

தீயணைப்பானை ஒரே ஒரு வினாடி அழுத்தியிருந்தாலும் அதைத் திரும்ப மாட்டிவிடாதீர்கள். வால்வில் தூள் சிக்கிக்கொண்டு, அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடும். நிரப்பிய பிறகுதான் மாட்ட வேண்டும். மாட்டியதும் தூள் வகையில் அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா, பின்னும் சீலும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு வகையில் முள்ளே கிடையாது, அதை நிறுத்துப் பார்த்தால்தான் உள்ளே இருக்கிறதா என்று தெரியும்.